ஒன்பது பெட்டி உயரம்

கல்முனையில் புதிதாகத் திறந்த பெரிய கடையொன்றில், குளிர்பானங்கள் வைக்கும் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று ஒரு போத்தலை எடுத்தேன். பின்னாலிருந்த போத்தல் தானாகச் சறுக்கி வந்து, நான் எடுத்த இடத்தில் லேபிள் வெளியே தெரிய நின்றது. இன்னொன்றை எடுத்துப் பார்த்தேன். அதுவும் அப்படியே வந்தது. உள்ளே தட்டைச் சற்றுச் சரிவாக வைத்து, வரிசைக்கு வரிசை நடுவில் மெல்லிய கம்பி பிடித்திருக்கிறார்கள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இது இருபது வருஷத்துக்கு முன்னால் வந்திருந்தால் என் முதுகு தப்பியிருக்கும்.

அங்கேதான் பர்ஹானாவைக் கண்டேன். எங்களுடைய பழைய சோடா ஏஜென்சியை இப்போது நடத்துகிறவர்களிடம், புதிதாக வேலைக்கு வருகிறவர்களைப் பழக்கும் பொறுப்பில் இருக்கிற பிள்ளை. நான் போத்தலை எடுத்து எடுத்து வைப்பதைப் பார்த்துச் சிரித்தாள்.

"அங்கிள், நீங்க அந்த நேரம் எப்பிடி அடுக்கினீங்க எண்டு ரெண்டு பக்கம் எழுதித் தாங்களன். புது ஆக்களுக்குக் காட்டணும்."

ஓம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுக்குகிற முறையை மட்டும் எழுதத்தான் உட்கார்ந்தேன். அது அந்த அளவில் நிற்கவில்லை. வேண்டியதை அவள் எடுத்துக்கொள்ளட்டும்.

நான் சாய்ந்தமருதுக்காரன். வாப்பாவோடு கரைவலைக்குப் போய்க்கொண்டிருந்தவன், ஒரு பருவம் மீன் படாமல் போனதும் கல்முனைப் பிரதான வீதியில் இருந்த சோடா ஏஜென்சியில் சாமான் ஏற்றும் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் ஒரு வருஷம் கண்ணாடிப் போத்தல் நிறைந்த பெட்டிகளைத் தூக்கியது தவிர வேறு ஞாபகம் இல்லை. பிறகு லொறியில் ஏற்றுவது, பிறகு களஞ்சியத்தில் அடுக்குவது என்று ஒவ்வொரு படியாக வந்தேன். மொத்தம் முப்பத்தொரு வருஷம்.

களஞ்சியப் பொறுப்பாளர் தவராசா சேர். பாண்டிருப்பைச் சேர்ந்தவர். என்னைவிட ஆறேழு வயதுதான் கூட. வெள்ளைச் சேர்ட்டின் கையை இரண்டு மடிப்பு மடித்திருப்பார், மூன்றாவது மடிப்பை நான் கண்டதில்லை. களஞ்சியத்துக்குள் வரும்போது செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் வருவார். சத்தம் போட்டுக் கதைக்க மாட்டார். பிழை என்ற சொல் அவர் வாயில் வராது. நாங்கள் அடுக்கி முடித்ததும் வந்து, தோள் உயரத்தில் உள்ளங்கையை வைத்து, காய்ச்சல் பார்க்கிற மாதிரி மெல்ல அழுத்துவார். அசையாவிட்டால் அடுத்த அடுக்குக்குப் போவார். அசைந்தால் ஒரே ஒரு வசனம்தான்.

"இது நிக்குது, இருக்கல்ல."

சொல்லிவிட்டுப் போய்விடுவார். நாங்கள் முழுவதையும் பிரித்து மறுபடி அடுக்க வேண்டும்.

அவருடைய முறை இது. சீமெந்துத் தரையில் பெட்டி படக்கூடாது. கீழே மரச் சட்டம் போட வேண்டும். முதல் பெட்டி எங்கே என்பதை அவரே சோக்கால் கோடு போட்டுக் காட்டுவார், ஏனென்றால் முதல் பெட்டி ஒரு விரல் விலகினால் மேலே போகப் போக ஒரு சாண் விலகும். இரண்டாவது வரியைக் குறுக்காகத் திருப்பி வைக்க வேண்டும், செங்கல் கட்டுகிற மாதிரி, மூட்டுக்கு மேல் மூட்டு வராமல். சுவருக்கும் அடுக்குக்கும் நடுவில் ஒரு கை போக இடம் வேண்டும். பிளாஸ்டிக் பெட்டியானால் எட்டு உயரம் வைக்கலாம், பாரத்தைப் பெட்டியின் சுவரே தாங்கும். மட்டைப்பெட்டியானால் ஆறுதான். அதில் பாரத்தைத் தாங்குவது மட்டையும் உள்ளே இருக்கிற போத்தலின் மூடியும். மட்டை ஈரம் குடித்தால் ஆறும் இல்லை.

இந்த ஆறு என்ற கணக்கைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

யுத்த காலத்தில் எங்களுக்குப் பெரிய தலையிடி சோதனைச் சாவடிகள்தான். பொத்துவில் பக்கம் போகிற லொறியை வழியில் ஆமி மறிக்கும். "ஒக்கோம பான்ன" என்பார்கள், எல்லாவற்றையும் இறக்கு என்று. முந்நூறு பெட்டியையும் வெயிலில் நிலத்தில் இறக்கி வைப்போம். ஒரு கம்பியால் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் குத்திப் பார்ப்பார்கள். பிறகு ஏற்றுவோம். வெயிலில் காய்ந்த சோடா வெடிக்கும். ஒருமுறை போத்தல் வெடித்த சத்தத்துக்குச் சிப்பாய்கள் எல்லாரும் நிலத்தில் விழுந்து துவக்கை நீட்ட, நானும் டிரைவரும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றோம். 

அதைக் கேள்விப்பட்ட அன்று தவராசா சேர் வெறும் லொறிக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் என்னைக் கூப்பிட்டார்.

"இஸ்மாயில், நடுவில ஒரு ஆள் நடந்து போற அளவுக்கு இடம் விட்டு ஏத்தினா என்ன?"

"நாப்பது பெட்டி குறையும் சேர். மற்றது, ரெண்டு பக்கமும் உள்ளுக்குச் சாயும்."

"குறையட்டும். சாயிறதுக்கு வழி பாப்பம்."

இரண்டு நாள் முயற்சி செய்தோம். மூன்று வரிக்கு ஒருமுறை பெட்டியைக் குறுக்காகத் திருப்பிப் பிணைத்தோம். உச்சியில் இரண்டு பக்கத்துக்கும் குறுக்கே பலகைத் துண்டு வைத்து, ஒன்று மற்றதைத் தள்ளிக்கொண்டிருக்கும்படி செய்தோம். பின்கதவைத் திறந்தால் லொறிக்குள் ஒரு சின்னச் சந்து தெரியும்.

முதல் தடவை அப்படிக் கொண்டுபோனபோது சாவடியில் இருந்த சார்ஜன்ட் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு ஏறி, சந்தால் நடந்து, டிரைவரின் முதுகுப்புறச் சுவர் வரை போய், இரண்டு பக்கமும் தட்டிப் பார்த்துக்கொண்டு திரும்பி வந்தார். இறங்கும்போது பக்கத்தில் இருந்த பெட்டி ஒன்றைக் கையால் அழுத்திப் பார்த்தார், எங்கள் சேர் செய்கிற மாதிரியே. அசையவில்லை. "ஹரி, யன்ன" என்றார். போகச் சொல்லிவிட்டார். ஒரு பெட்டிகூட இறக்கவில்லை. அதன்பிறகு எங்கள் லொறி வந்தால் சாவடியில் சத்தமே இருக்காது.

இனிச் சொல்லப்போவது சுனாமியைப் பற்றி. அதைப் பற்றி எங்கள் ஊரில் எல்லாரிடமும் ஒரு கதை இருக்கிறது. என்னுடைய வேலைக்குத் தொடர்பானதை மட்டும் சொல்கிறேன்.

அன்று பௌர்ணமிப் போயா விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை. புதுவருஷத்துக்கான சரக்கு லொறி ஒரு நாள் பிந்தி அன்று காலையில் வந்ததால், லீவு என்றாலும் தவராசா சேரும் நானும் மஜீதும் வேலைக்குப் போயிருந்தோம். மஜீத் மருதமுனைப் பெடியன். பெடியன் என்று சொன்னாலும் கலியாணம் முடித்து இரண்டு பிள்ளைகள், மூத்தது மகள், இளையது மகன். அண்ணன் முறையில் என்னைக் காக்கா என்று கூப்பிடுவான். பாட்டுப் பாடிக்கொண்டே பாரம் தூக்குகிறவன்.

பாதி லொறி இறக்கியிருப்போம். கடற்கரைப் பக்கமிருந்து சனம் வீதிக்கு ஓடி வந்தது. கடல் வருது, கடல் வருது என்று கத்தினார்கள். என்ன சொல்கிறார்கள் என்று விளங்குவதற்குள் களஞ்சிய வாசலால் கறுப்புத் தண்ணீர் வந்தது. முழங்கால் உயரம்தான். எங்கள் களஞ்சியம் பிரதான வீதிக்கு மேற்குப் பக்கம் இருந்ததால் அவ்வளவோடு நின்றது. மஜீத் அந்தத் தண்ணீருக்குள்ளேயே ஓடினான். சேர் பாண்டிருப்புப் பக்கம் ஓடினார். நான் சாய்ந்தமருதுக்கு ஓடினேன்.

என் பெண்சாதியும் பிள்ளைகளும் பள்ளிக்கூட விடுமுறைக்கு இறக்காமத்தில் அவள் தாய்வீட்டில் இருந்தார்கள். அதனால் தப்பினார்கள். என் கூடப்பிறந்த மூத்தவள், ராத்தாவின் வீடு கடலடியில் இருந்தது. ராத்தாவை அடுத்த நாள் பள்ளிவாசல் முற்றத்தில் வரிசையாகக் கிடத்தியிருந்த மையித்துகளுக்குள்ளே கண்டேன்.

ஆனால் அன்று பின்னேரமே நான் களஞ்சியத்துக்குத் திரும்பிப் போனேன். கிணறுகள் எல்லாம் உப்பாகிவிட்டன, ஆஸ்பத்திரியிலும் குடிக்கத் தண்ணீர் இல்லை என்று சனம் சொல்லிக்கொண்டு போனது. எங்கள் களஞ்சியத்தில் ஆயிரக்கணக்கான தண்ணீர்ப் போத்தல் இருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது தவராசா சேர் ஒரு காலில் மட்டும் செருப்போடு கதவைத் திறந்துகொண்டிருந்தார்.

"சேர், அக்கா?" அவருடைய மனைவியைத்தான் கேட்டேன்.

"காணல்ல. தம்பிமார் தேடுறாங்க. நான் அங்க நிண்டு என்ன செய்ய? தண்ணி இஞ்ச கிடக்கு."

"முதலாளிட்ட கேக்க வேணாமா?"

"போன் ஒண்டும் வேல செய்யல்ல. கேட்டாச்சு எண்டு நினைச்சுக்கொள்."

வந்தவர்களில் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு பெட்டிகளை வீதியோரம் கொண்டுபோய்க் குவித்தோம். சனம் அதன்மேல் விழுந்தது. போத்தல்கள் காலில் மிதிபட்டு உடைந்தன. ஒரு வயசாளி கீழே விழுந்துவிட்டார். சேர் என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"குவிக்காத. அடுக்கு."

அந்த நேரத்தில் அடுக்கா என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கை பழகிய வேலையைச் செய்தது. இடுப்பு உயரத்துக்கு இரண்டு நீள அடுக்கு, நடுவில் ஒரு ஆள் நடக்கும் சந்து. லொறிக்குள் செய்த அதே வேலைதான். நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும், சந்தைக் கண்டதும் சனம் ஒருவர் பின் ஒருவராக வந்தது. ஒருத்தரும் வரிசையில் வா என்று சொல்லவில்லை. ஒரு பக்கத்தால் வந்து, ஆளுக்கு இரண்டு எடுத்து, மறுபக்கத்தால் போனார்கள். ஆஸ்பத்திரிக்குத் தனியாக ஒரு உழவு மிசின் வண்டி நிறைய அனுப்பினோம்.

அடுக்கு குறையக் குறைய நான் நிரப்பிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் சேர் ஒவ்வொரு போத்தலாகத் தொட்டு லேபிளை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். யாரும் லேபிள் பார்க்கிற நாளா அது? மனிதருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தேன். பிறகுதான் விளங்கியது. அவருடைய விரல்களுக்கு ஏதோவொரு வேலை வேண்டியிருந்தது.

வெளிச்சம் மங்குமுன் சாவியை என் கையில் தந்தார்.

"நான் போறன். வரும்வரைக்கும் நீதான்."

அடுத்த நாட்களில் கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் தண்ணீர் லொறி லொறியாக வரத் தொடங்கியது. வைக்கப் பெரிய இடம் எங்கள் களஞ்சியம்தான் என்று நிவாரண வேலைக்குப் பொறுப்பாக வந்த ஒருவர் எங்களிடமே இறக்கினார். எந்த ஊர்க் கம்பனி என்று தெரியாத மெல்லிய போத்தல்கள், மெல்லிய மட்டைப்பெட்டிகள். தரையில் சேறு வழித்துவிட்டோம், ஆனால் கீழே போட்ட மரச் சட்டங்கள் ஊறிப்போய் இருந்தன. தொட்டால் குளிரும்.

ஐந்தாம் நாள் மஜீத் வேலைக்கு வந்தான். அவன் பெண்சாதி சைனம்பு ஒரு தென்னையைப் பிடித்துக்கொண்டு உயிர் தப்பியிருந்தாள். பிள்ளைகள் இரண்டையும் அடக்கம் செய்துவிட்டு வந்திருந்தான்.

"என்னத்துக்குடா வந்த? வீட்ட போ."

"வீடு எங்க காக்கா இரிக்கி?" என்றான். பிறகு, "சும்மா இரிக்க ஏலாது" என்றான். பெட்டியைத் தூக்கத் தொடங்கினான். பாட்டு இல்லை.

அன்று காலையில் நான் ஆறு உயரத்தைத் தாண்டினேன். நிவாரணப் பொறுப்பாளர் வாசலில் நின்று, "இன்னும் மூணு லொறி நிக்குது, இடமில்ல எண்டு திருப்பி அனுப்பட்டா?" என்று கேட்டார். மழையும் தூறிக்கொண்டிருந்தது. ஏழு வைத்தேன். பிறகு எட்டு. பத்து மணி போல வடக்குச் சுவரோரம் ஒரு அடுக்கு ஒன்பது பெட்டி உயரத்தில் நின்றது. நான் அதன் தோளில் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். அசைந்தது. மிகச் சின்ன அசைவு. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது, என் உள்ளங்கைக்குத் தெரிந்தது. நாளைக்கு இது வெளியே போய்விடும், ஒரு நாள்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கையை எடுத்தேன்.

பகல் லுஹர் தொழுகை முடிந்து எல்லாரும் சாப்பிடப் போன நேரம் அது விழுந்தது. படார் என்ற சத்தம் இல்லை. யாரோ நீளமாக மூச்சு விடுகிற மாதிரி மட்டை நசிகிற சத்தம் ஒன்று, அதற்குப் பிறகு தொம் தொம் என்று. ஓடிப்போய்ப் பார்த்தால் பெட்டிகளுக்கு அடியில் மஜீத். இடுப்புக்குக் கீழே முழுக்க மூடியிருந்தது. வலது பக்க இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை. நடையில் பாய் போட்டுக் கிடத்தியிருந்தார்கள். மறுநாள் நான் போனபோது சைனம்பு அவன் தலைமாட்டில் இருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பி நின்றாள்.

"ரெண்டு புள்ளையையும் கடல் கொண்டு போயிட்டு. இவரையாவது நீங்க விட்டு வெச்சிருக்கலாமே. யாரு அடுக்கின அது?"

"நான்தான்."

"இனி இஞ்ச வராதீங்க."

நான் வந்துவிட்டேன். 

தவராசா சேர் பத்து நாள் கழித்துத் தாடியோடு வந்தார். அவருடைய மனைவியின் உடல் மூன்றாம் நாள் கிடைத்திருந்தது. நான் அனுதாபம் சொல்ல வாயெடுத்தேன், அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, விழுந்து கிடந்த அடுக்கைப் பார்த்தார். மஜீதை இழுத்தெடுத்த இடத்தைத் தவிர மற்றதை நான் அப்படியே விட்டிருந்தேன்.

"தொட்டியா?"

"இல்ல சேர்."

"நல்லது. மேல இருந்து எடுப்பம்."

ஒவ்வொரு பெட்டியாக எடுத்து, வந்த ஒழுங்கிலேயே பக்கத்தில் வைத்தோம். அரை நாள் போனது. அடியில், மூலைப் பெட்டி ஒன்று இருந்தது. வெளியே காய்ந்த மாதிரித் தெரிந்தது. சேர் அதில் பெருவிரலை வைத்தார். விரல், நனைந்த ரொட்டிப் பாணுக்குள் போகிற மாதிரி உள்ளே போனது.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும் சேர். கை வெச்சுப் பாத்தன். அசைஞ்சது."

 சேர் விரலை மரச் சட்டத்தில் துடைத்தார்.

"நான் இருந்திருந்தா எட்டோட நிப்பாட்டியிருப்பன்" என்றார். "ஆறோட இல்ல. எட்டோட. தண்ணிய மழையில போட ஏலாதே."

அவர் என்னை மன்னித்தார் என்று நான் சொல்லமாட்டேன். தானும் ஆறைத் தாண்டியிருப்பேன் என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். அந்த வித்தியாசம் அவருக்கு முக்கியம்.

அடுத்த மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் விசாரணைக்கு வந்தார். நல்ல மனிதர்தான். அவருக்கு ஒரு கடதாசியை நிரப்பிக்கொண்டு போக வேண்டும்.

"அந்த ஆள் அடுக்கில ஏறினாரா?" என்று கேட்டார்.

அவர் கேட்ட விதத்திலேயே விளங்கியது. ஓம் என்று சொன்னால் பிழை மஜீதுடையதாகும். இடுப்பு முறிந்தவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு விஷயம் முடிந்துவிடும்.

"ஏறல்ல" என்றேன். "அடுக்கினது நான். ஆறு வைக்க வேண்டிய இடத்தில ஒன்பது வெச்சன். அசையிறது தெரிஞ்சும் விட்டன்."

அவர் பேனையைக் கீழே வைத்தார். "இப்படி எழுதினா உங்களுக்குத்தான் பிரச்சினை."

"எழுதுங்க."

பக்கத்தில் நின்ற தவராசா சேர் தொண்டையைச் செருமினார். "இவர் சொல்றது சரி. சாவியைக் குடுத்திட்டுப் போனது நான். அதையும் எழுதிக்கொள்ளுங்க."

மஜீதின் வேலை தப்பியது. சேருக்குக் கண்டிப்புக் கடிதம் வந்தது. என்னைக் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். இனி நான் அடுக்குக்குப் பக்கத்தில் போகக்கூடாது. கடை கடையாகப் போய்ப் போத்தல்களைத் தட்டில் ஒழுங்காக வைக்கிற வேலை. அதுவரை அந்த வேலையை நாங்கள் ஒரு வேலையாகவே மதித்ததில்லை. முதல் நாள் ஒரு துடைக்கும் துணியையும் ஒரு வாளியையும் தந்தபோது முகம் சுட்டது.

ஏழெட்டு மாதம் கழித்து மஜீத் திரும்பி வந்தான். வலது கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. பாரம் தூக்க ஏலாது. சேர் அவனை என்னோடு சின்ன வேனில் போகும்படி போட்டார். 

நானும் அவனும் நிந்தவூரிலிருந்து பொத்துவில் வரை, அறுகம்பேயில் வெள்ளைக்காரர் தங்குகிற வீடுகள் வரை போவோம். மேல் தட்டு இரண்டும் எனக்கு. கீழ்த் தட்டு இரண்டும் அவனுக்கு. வெறும் பெட்டியொன்றைக் கவிழ்த்து வைத்து அதில் இருந்துகொண்டு செய்வான். முதலில் எல்லாவற்றையும் இறக்கித் தூசு துடைப்போம், போத்தலின் கழுத்தை விசேஷமாக. பழைய திகதி முன்னுக்கு, புதியது பின்னுக்கு. பெரிய போத்தல் கீழே. கண் பார்க்கிற உயரத்தில் சின்னது. கறுப்பு, சிவப்பு, மஞ்சள், பச்சை, கடைசியில் தண்ணீர். போத்தலுக்குப் போத்தல் ஒரு விரல் இடைவெளி. நெருக்கி வைத்தால் ஒன்றை எடுக்கும்போது பக்கத்தில் இருப்பதும் விழும். வெயில் படுகிற தட்டில் மஞ்சள் நிறச் சோடாவை வைத்தால் ஒரு கிழமையில் வெளுத்துவிடும். முடிந்ததும் நான் கதவடிக்குப் போய், வாடிக்கையாளர் வருகிற மாதிரி வந்து பார்ப்பேன். மஜீத் கீழே இருந்தபடி ஒரு கண்ணை மூடி, வரிசை வளைந்திருக்கிறதா என்று பார்ப்பான். அவன் கண் என்னுடையதைவிடக் கூர்மை.

வேலை விஷயமாகக் கதைப்போம். வேறு கதை இல்லை. மதியச் சாப்பாட்டை அவன் வேனுக்கு முன்னாலும் நான் பின்னாலும் இருந்து சாப்பிடுவோம். ஒன்றரை வருஷம் கழித்து அவனுக்கு ஒரு மகள் பிறந்தாள். அதைக்கூட டிரைவர் சொல்லித்தான் கேள்விப்பட்டேன். சீனி வாங்கிக்கொண்டு பிள்ளை பார்க்க வீட்டுக்குப் போகலாமா என்று யோசித்தேன். சைனம்பு சொன்ன சொல் ஞாபகம் வந்தது. போகவில்லை.

இப்படியே கிட்டத்தட்ட நாலு வருஷம் போனது. யுத்தம் முடிந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்ன அன்று நாங்கள் திருக்கோவில் பக்கம் வேலையாக இருந்தோம். வருகிற வழியில் சில சந்திகளில் வெடி கொளுத்தினார்கள். திருக்கோவிலில் ஒரு சத்தமும் இல்லை. நாங்கள் போன கடை ஒரு தமிழ் அம்மாவுடையது. அவருடைய சகோதரனின் குடும்பம் வன்னியில் இருந்தது, மாதக்கணக்காகத் தகவல் இல்லை. நாங்கள் உள்ளே போனபோது ரேடியோவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் அதை நிறுத்தினார்.

"இண்டைக்கு வேணாம் எண்டா நாங்க பிறகு வாறம் அம்மா" என்றேன்.

"வேணாம் தம்பி. நீங்க உங்கட வேலையப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய்விட்டார்.

நாங்கள் சத்தமில்லாமல் போத்தல்களை இறக்கித் துடைக்கத் தொடங்கினோம். கண்ணாடியில் கண்ணாடி முட்டாமல் வைத்தோம். பாதி வேலை முடிந்திருக்கும். மஜீத் கீழ்த் தட்டைப் பார்த்தபடியே கதைத்தான்.

"காக்கா, அது சாய்ஞ்சு நிண்டத நான் கண்டனான்."

"எது?"

"அந்த ஒன்பது பெட்டி. காலையிலயே கண்டன். உங்களுக்குச் சொல்லல்ல." ஒரு போத்தலைத் துடைத்து வைத்தான். "எல்லாரும் சாப்பிடப் போன நேரம் நான்தான் அதுக்கு அடியில போய் இருந்தன்."

"ஏன்டா?"

"விழட்டும் எண்டுதான்."

என் கையில் இருந்த போத்தலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

"கடல் வந்த அண்டைக்கு லீவு நாள் காக்கா. நான் வீட்ட இருந்திருந்தா ஒண்டையாவது தூக்கிட்டு ஓடியிருப்பன். சோடா இறக்கிட்டு இருந்தன்." அடுத்த போத்தலை எடுத்துக் கழுத்தைத் துடைத்தான். "விழும் எண்டு தெரிஞ்சு போய் இருக்கிறது ஹறாம், பெரிய பாவம். எனக்குத் தெரியும். ஒருத்தருக்கும் சொல்லல்ல. சைனம்புக்கும் சொல்லல்ல. அவ உங்களை ஏச ஏச நான் கேட்டுக்கொண்டு இருந்தன்."

நாலரை வருஷம் என் நெஞ்சில் கிடந்த பாரம் அப்போது இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. என்ன சொன்னால் சரி என்று யோசித்துவிட்டுச் சொன்னேன்.

"நீ சாய்ஞ்சதக் கண்ட. சாய்ச்சது நான்தான். அதில மாற்றம் இல்ல."

"அது எனக்குத் தெரியும். நான் சொன்னது என்ட பங்க."

"அப்ப அவக்குச் சொல்லு."

"சொன்னா உட்டுட்டுப் போயிருவா."

"போகமாட்டா. சொல்லு."

அவன் கீழ்த் தட்டை முடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, மூன்றாவது போத்தலைக் கொஞ்சம் உள்ளே தள்ளினான். கடைக்கார அம்மா வந்து தட்டைப் பார்த்தார். அவர் முகம் அழுது வீங்கியிருந்தது. எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். மூன்று பேரும் நின்றபடியே குடித்தோம்.

அந்த வருஷத்தில் சாவடிகள் ஒவ்வொன்றாகப் போயின. லொறிக்குள் சந்து விடத் தேவையில்லை, முழுக்க ஏற்றுங்கள் என்று கடிதம் வந்தது. கொஞ்சக் காலத்தில் தவராசா சேர் ஓய்வு பெற்றார். இப்போது மட்டக்களப்பில் தம்பி வீட்டில் இருக்கிறார்.

திருக்கோவிலுக்குப் போய் வந்து பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசலால் வரும்போது மஜீத் எனக்காக நின்றுகொண்டிருந்தான்.

"சைனம்பு உங்களைச் சாப்பிட வரட்டாம்."

அவர்களுக்குக் கிடைத்த புது வீடு கடலிலிருந்து தள்ளி, வயல் பக்கமாக இருந்தது. மகளுக்கு அப்போது மூன்று வயது ஆகவில்லை. வாசலில் நின்று என் தாடியைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடினாள். சைனம்பு பாய் விரித்து, தண்ணீர்ச் செம்பை வைத்தாள். கண்கள் கலங்கிப் போயிருந்தன, ஆனால் குரல் தெளிவாக இருந்தது.

"இவர் சொன்னார் காக்கா. எல்லாம் சொன்னார். இத்தன வருஷமும் உங்களைத்தான் ஏசிக்கொண்டு இருந்தன்."

"ஏசினது சரிதான் தங்கச்சி" என்றேன்.

அவள் மஜீதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அரைவாசி சரி" என்று சொல்லிவிட்டு, சோற்றை என் பீங்கானில் போட்டாள்.